பயணக் கேள்வி-பதில்: யாரும் எழுப்பாத மதியம்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, "ஊர் பார்க்கப் போவது வேறு, ஓய்வெடுக்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் விசா, பாஸ்போர்ட், யாத்திரைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை அமைதி தேடிப் போகிறவர்களுக்கு மட்டும்தான் பதில்.

*

நானும் மனைவியும் ஐடி வேலையில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பட்ஜெட் ஒன்றரை லட்சம். கொச்சியில் இறங்கி மூணாறு, தேக்கடி, ஆலப்புழை படகு வீடு என்று திட்டம். நல்ல ரெஸ்ட் கிடைக்குமா அக்கா?
*— வாசகர், முலுண்ட்*

கிடைக்காது தம்பி. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறேன்.

கொச்சியிலிருந்து மூணாறு சுமார் 130 கி.மீ. மலைப்பாதை, நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மூணாறிலிருந்து தேக்கடி 90 கி.மீ.தான், ஆனால் அந்த வளைவுகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஆலப்புழைக்கு இன்னொரு நாலு மணி. மும்பையில் ஆபீஸ் போக வர உட்கார்ந்த அதே உட்காரலை அங்கே மலையில் உட்காரப் போகிறீர்கள்.

இன்னொரு விஷயம். புது இடத்தில் முதல் ராத்திரி நமக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை, கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து உறங்காமல் அரை விழிப்பில் காவல் காக்கிறதாம். சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி எழுந்துகொள்கிறது. இடம் பழகினதும் இது போய்விடுகிறது. உங்கள் கணக்கில் நாலு ராத்திரி, மூன்று ஊர். அதாவது மூன்று முதல் இரவு! ஒரே ஒரு ராத்திரிதான் முழுத் தூக்கத்துக்கு மிஞ்சும்.

படகு வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் அருமையாக இருக்கும். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், அது மீனவர்கள் வலை விரிக்கிற நேரம். பெரும்பாலும் பத்துப் படகு வரிசையாக நிற்கும். ஏசி ஓட ஜெனரேட்டரும் ஓடும். பகலில் இரண்டு மணி நேரம் படகில் போய்விட்டு வாருங்கள், தூங்குவது தரையில் இருக்கட்டும்.

மூன்றில் ஒன்றை எடுங்கள். மூணாறு என்றால் டவுனில் வேண்டாம், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய பங்களா ஒன்றில் நாலு ராத்திரியும் ஒரே அறையில் இருங்கள். மூன்று ஓட்டல், மூன்று டாக்சி என்று சிதறுகிற பணத்தை ஒரே இடத்தில் போட்டால், நீங்கள் நினைத்ததைவிட ஒரு படி மேலான அறையே கிடைக்கும். மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அந்தத் திட்டம் யார் போட்டது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

*

எனக்கு 61 வயது. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கணவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில் இருக்கிறான், பணம் அனுப்பி 'எங்காவது நல்ல இடமாகப் போய்விட்டு வாம்மா' என்கிறான். பில்டிங்கில் எல்லாரும் கோயில் டூருக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு யாரோடும் பேசாமல் நாலு நாள் இருக்க வேண்டும்போல இருக்கிறது. இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இந்த வயதில் தனியாகப் போவது தப்பா?
*— வாசகி, சயான்*

ஒரு தப்பும் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

2011இல் என் அம்மா எங்கள் செம்பூர் வீட்டில் ஏழு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். பேச்சு போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கிற எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். ராத்திரி எத்தனை மணியானாலும் இரண்டாவது தட்டுக்குள் நான் எழுந்துவிடுவேன். அம்மா போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பின பிறகும் என் காது அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்த்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஃபோர்ட்டில் என்னோடு டிராவல் ஆபீசில் வேலை பார்த்த மராட்டிக்கார அம்மா ஒருவர்தான், "மாத்தேரான் போ. அஞ்சு நாள் இரு. போனை அணைத்துவை" என்றார். ஊரையே பயணம் அனுப்பிக்கொண்டிருந்த நான் அதுவரை தனியாக எங்கும் போனதில்லை.

தாதரில் கர்ஜத் லோக்கல் பிடித்து நேரலில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் டாக்சி தஸ்தூரி நாக்கா வரை ஏறும். அதோடு சரி, அதற்கு மேல் கார், பைக் எதுவும் போகக் கூடாது. உள்ளே அப்போது குதிரை, கைரிக்‌ஷா, இல்லாவிட்டால் நடைதான். இப்போது இ-ரிக்‌ஷாவும் வந்திருக்கிறது. சுமார் 800 மீட்டர் உயரம், செம்மண் பாதை, தலைக்கு மேல் முழுக்க மரம். பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் எது குறைகிறது என்று பிடிபட்டது. ஹாரன். பிறந்ததிலிருந்து ஹாரன் கேட்காத தெருவில் நான் நடந்ததே இல்லை.

முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். வெளியே ஒருவர் குதிரையை நடத்திக்கொண்டு போனார். கடிவாளத்து இரும்பு வளையங்கள் ஒன்றில் ஒன்று பட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படித்தான்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் ஈஸிசேரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். மணி ஏழு. பக்கத்து முக்காலியில் ஒரு கிளாஸ் டீ, மேலே சாசர் கவிழ்த்து மூடியிருந்தது. சாசரை எடுத்தால் டீயின் மேல் தடியாக ஆடை படிந்திருந்தது. நாலு மணிக்கு வைத்திருக்க வேண்டும். கொண்டுவந்த பையன் என்னை எழுப்பாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஏழு மாதத்தில் என்னை எழுப்பாமல் விட்டவன் அந்தப் பையன் ஒருத்தன்தான். ஆறிப்போன அந்த டீயை முழுதும் குடித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் திரும்பியது.

சரி, உங்களுக்கு வருவோம். நீங்களும் மாத்தேரானுக்கே போகலாம், முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்கு அது பாந்தமான ஊர். வீட்டிலிருந்து ஒரு லோக்கல் ரயில் தூரம்தான், மனம் சரியில்லை என்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம். திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். சனி, ஞாயிறு மும்பையே மேலே ஏறிவிடும். மே மாதமும் தீபாவளி லீவும் வேண்டாம். பழைய பங்களாக்களை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், உயர்ந்த கூரை, அகல வராந்தா. மகன் பணம் அனுப்புகிறான் என்கிறீர்களே, இருப்பதில் நல்ல அறையாக, வராந்தா உள்ளதாக எடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையோடு சேர்ந்த இடங்கள் நிறைய உண்டு. அதில் ஒன்றைப் பிடித்தால் 'இன்றைக்கு எங்கே சாப்பிடுவது' என்ற யோசனைகூட மிச்சம். குஜராத்திகள் நிறையப் பேர் வருகிற ஊர், சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை.

முட்டி வலி இருந்தால் தஸ்தூரி பக்கத்தில் உள்ள அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஷட்டில் ரயிலில் மார்க்கெட் வரை போய்விடலாம். 1907இல் போட்ட பாதை, இரண்டடி அகலத் தண்டவாளம். நேரலிலிருந்து வரும் முழு ரயில் மழைக்காலத்தில் ஓடாது. வெளிர் நிறப் புடவை வேண்டாம், செம்மண் கறை லேசில் போகாது. கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

மகனிடம் ஓட்டல் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரே ஒரு போன், அவ்வளவுதான். பில்டிங்கில் யாராவது கேட்டால் உண்மையையே சொல்லுங்கள்: "நாலு நாள் தூங்கப் போகிறேன்." திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். காத்திருப்பேன்.

*

ஒரு ராத்திரிக்கு 40,000 ரூபாய் கேட்கிற ரிசார்ட்டுகள் எல்லாமே 'அமைதி, தனிமை' என்றுதான் விளம்பரம் செய்கின்றன. எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— வாசகர், வாஷி*

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் ரிசப்ஷனுக்கு நேரடியாகப் போன் போடுங்கள். என்ன பேசுகிறார்கள் என்பதைவிடப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தம்பதியின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு லோனாவ்லா பக்கம் ஏரிக்கரை ரிசார்ட் ஒன்றை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அவர் எனக்குப் போன் செய்தார். ஒன்றும் பேசவில்லை, போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணக் கூட்டம், டிஜே, பாங்ரா. காலையில் நான் அந்த நிர்வாகத்தோடு சண்டை போட்டதில் பாதிப் பணம் திரும்பி வந்தது. அவர்களுடைய அந்த நாளை நான் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பது? இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. சட்டம் உண்டு, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இரவில் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் மலைமேல் நடு ராத்திரியில் யாரைப் போய்க் கூப்பிடுவீர்கள்?

அதனால் முதல் கேள்வி: "உங்களிடம் கல்யாண லான் இருக்கிறதா? நான் வருகிற தேதியில் விசேஷம் ஏதாவது உண்டா?" பதிலை ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். கையில் பஞ்சாங்கமும் இருக்கட்டும். வடக்கத்திக்காரர்கள் தேவசயனி ஏகாதசியிலிருந்து தேவுத்தான் ஏகாதசி வரை, அதாவது ஏறக்குறைய ஜூலையிலிருந்து நவம்பர் வரை கல்யாணம் வைப்பதில்லை. மும்பையைச் சுற்றி மழை கொட்டுகிற மாதங்களும் அதில் அடங்கிவிடும், வாடகையும் இறங்கியிருக்கும். மழை பிடிக்கும் என்றால் வருஷத்தில் மிக அமைதியான காலம் அதுதான். தமிழ்நாட்டுப் பக்கம் போவதென்றால் ஆடி.

அப்புறம் மொத்த ஏக்கர் எவ்வளவு, அறைகள் எத்தனை என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். நாற்பதாயிரம் கொடுப்பது மார்பிள் குளியலறைக்கு என்றால் வீண். உங்களுக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருக்கிற காலி நிலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அது சரியான விலை. ரந்தம்போர் காட்டை ஒட்டி அமன்-இ-காஸ் என்று ஒரு முகாம் இருக்கிறது, மொத்தமே பத்துக் கூடாரம்தான். வாடகை உங்கள் கணக்கைவிட நன்றாகவே மேலே போகும். ஆனால் பெரும் பணம் எதை வாங்குகிறது என்று புரிந்துகொள்ள அது நல்ல உதாரணம்.

ஜெனரேட்டர், சமையலறைப் புகைபோக்கி, நீச்சல் குளத்து ஸ்பீக்கர், இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, எதிர்த் திசையில் அறை கேளுங்கள். 'வரிசையில் கடைசி அறை' என்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மோட்டார் பம்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

*

இகத்புரியில் பத்து நாள் மௌனம் இலவசமாகவே கிடைக்கும்போது லட்சக்கணக்கில் கொட்டி இமயமலை ஸ்பாவுக்குப் போவானேன்?
*— வாசகர், மாட்டுங்கா*

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இகத்புரியில் உள்ள தம்மகிரி விபாசனா தியான மையத்தில் நான் ஒரு முறை பத்து நாள் இருந்திருக்கிறேன். 1976இல் விபாசனா ஆசிரியர் கோயங்காஜி ஆரம்பித்த இடம். காலை நாலு மணிக்கு மணி அடித்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து தியானம். பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் காசு வாங்குவதில்லை, முழுதாக முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை கொடுக்கலாம். அதை நான் உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அது கடுமையான உழைப்பு. மூன்றாம் நாள் முதுகும் காலும் வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. உடம்பு சோர்ந்து, தூக்கம் கெட்டு இருக்கிறவர்கள் அதை ஓய்வு என்று நினைத்துப் போனால் பாதியில் திரும்ப நேரிடும்.

மாட்டுங்காவிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டுமானால் கோராயில் அவர்களுடைய உலக விபாசனா பகோடா இருக்கிறது. தூணே இல்லாத குவிமாடம், எட்டாயிரம் பேர் உட்காரலாம். வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இமயமலை ஸ்பா என்று நீங்கள் சொல்வது நரேந்திர நகர் ஆனந்தா என்று எடுத்துக்கொள்கிறேன். டெஹ்ரி கர்வால் மகாராஜாவின் அரண்மனை வளாகம், சுமார் நூறு ஏக்கர், கீழே ரிஷிகேஷும் கங்கையும் தெரியும். டேராடூன் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். அங்கே உங்கள் உடம்பை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். எண்ணெய் தேய்க்கிறார்கள், சாப்பாட்டை வைத்தியர் முடிவு செய்கிறார். நான் போவதென்றால் பாலக்காட்டுக்குப் பக்கம் கொல்லங்கோட்டுக் களரி கோவிலகத்தைத் தேர்ந்தெடுப்பேன். அதுவும் பழைய அரண்மனைதான். வாரக்கணக்கில் தங்கி ஆயுர்வேதச் சிகிச்சை எடுத்துக்கொள்கிற இடம். மதுவும் மாமிசமும் கிடையாது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கோயம்புத்தூரில் இறங்கினால் பொள்ளாச்சி வழியாகப் போய்விடலாம், வழியில் யாரோடும் தமிழிலேயே பேசலாம். களைத்துப் போனவருக்கு அதுவும் ஒரு பெரிய நிம்மதி.

*

மாலத்தீவில் தண்ணீர்மேல் கட்டிய வில்லாவா, கரையில் உள்ள வில்லாவா?
*— வாசகி, பவய்*

தூக்கம் லேசானவர் என்றால் கரை. தண்ணீர்மேல் படுத்தால் ராத்திரி முழுக்க அலை தூணில் மோதிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குத் தலைவலி. கரையில் மர நிழலும் உண்டு. ஸ்பீட்போட்டில் போகிற தீவா, கடல் விமானத்தில் போகிற தீவா என்று முதலிலேயே பாருங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். மும்பையிலிருந்து மாலேவுக்குச் சுமார் மூன்று மணி நேரம்தான் என்றாலும், சாயங்காலம் போய் இறங்கினால் முதல் ராத்திரி மாலேயிலேயே போய்விடும்.

*

தாராவியில் ஒரே அறை வீடு. நாங்கள் நாலு பேர், கீழே தையல் மிஷின் ராத்திரி பதினொன்று வரை ஓடும். உங்கள் பகுதியைப் படிப்பேன். ரிசார்ட்டுக்கெல்லாம் வழியில்லை. வாரத்தில் ஒரு நாள், ரெண்டு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார மும்பையில் இடம் உண்டா அக்கா?
*— வாசகர், தாராவி*

உண்டு. கான்ஹேரி குகைகள்.

போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கருங்கல் மலையைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். கிருஷ்ணகிரி, கறுத்த மலை என்ற பெயர்தான் தேய்ந்து கான்ஹேரி ஆயிற்று. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் பிக்குகள் ஊர் ஊராக நடந்து திரிந்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் ஓர் இடத்தில் தங்குவார்கள். அப்படித் தங்க ஆரம்பித்த இடம், அப்புறம் பெரிய மடமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு சின்ன அறையிலும் படுக்கக் கல்லிலேயே திண்ணை செதுக்கியிருக்கிறார்கள். வாசலில் மழைநீர்த் தொட்டி. ஓர் ஆள், ஒரு திண்ணை, ஒரு தொட்டி, அவ்வளவுதான் வீடு.

கூட்டம் எல்லாம் கீழே பெரிய மண்டபம் இருக்கிற மூன்றாம் குகையோடு நின்றுவிடும். நீங்கள் அங்கே நிற்காமல் பாறையில் வெட்டின படிகளில் மேலே ஏறுங்கள். ஏற ஏற ஆள் குறையும். காலியாக ஓர் அறை பார்த்து அந்தத் திண்ணையில் உட்காருங்கள். நல்ல வெயிலிலும் கல் குளிர்ந்திருக்கும். மழைக்காலம் என்றால் பாறை வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். படி வழுக்கும், பார்த்து ஏறுங்கள்.

ஞாயிறுதான் லீவு என்றால் கேட் திறக்கும்போதே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் குடும்பங்கள் வந்துவிடும். சயானிலிருந்து தாதர் போய் ரயில் மாறினால் போரிவிலி. பூங்கா வாசலிலிருந்து குகை வரை ஆறு கிலோமீட்டருக்கு மேல், உள்ளே பஸ் இருக்கிறது. பூங்காவுக்கு ஒரு டிக்கெட், குகைக்குத் தனி டிக்கெட். தண்ணீரும் இரண்டு சப்பாத்தியும் கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது. திங்கட்கிழமை மூடியிருக்கும்.